கண்டக்டர் இல்லாத வண்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடை சோமசுந்தரம் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது. பின்னாளில் யாராவது புரட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும்: நாச்சிமுத்து ஆகிய நான், ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளியிலும் அதற்கு மேல் உலகத்திலும் படித்தவன், பொள்ளாச்சி - சேத்துமடை மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன், இன்றுமுதல் விஞ்ஞானி.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் கோகிலவாணி எங்கள் வீட்டில் தங்கி, ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மனுஷருக்கு ஊசி போடும் டாக்டர் இல்லை. ஆனால் இவளும் ஊசி போடுகிறாள், வண்டுக்கு. தென்னையைக் குடைந்து சாகடிக்குமே, அந்தச் சிவப்புக் கூன்வண்டு. நிலையத்தில் வண்டு வளர்க்கும் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். அந்த வாடையில் வண்டுகள் இருந்தால் அவற்றின் மோப்பம் கெட்டுவிடும். இவள் படிப்பே அந்த மோப்பத்தைப் பற்றித்தான். ஆகவே நாற்பது வண்டுகள், நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்களில், எங்கள் பின்னறைக்கு வந்து இறங்கின. இருபதுக்கு முதுகில் வெள்ளைப் பொட்டு. அவை மருந்து ஊசி போட்டவை. இருபதுக்கு நீலப் பொட்டு. அவற்றுக்கு வெறும் தண்ணீர் ஊசி. டப்பாவின் மேல் நம்பர், வெள்ளைக்கு ஒன்று முதல் இருபது வரை. மூன்று வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் கரும்புத் துண்டு மாற்றி, சுவரில் ஒட்டிய தாளில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எழுத வேண்டும்.

"ஒண்ணு ரெண்டு செத்துப்போகுமுங்க மாமா. செத்தா செத்துதுன்னு தாள்ல எழுதிப்போடுங்க. தப்பில்லீங்க" என்றாள்.

"சாவறதா? கண்ணு, இருவத்திரண்டு வருசத்துல என்ற வண்டீல ஏறுன ஒருத்தருக்குக் கீறல் விழுந்ததில்லை. நாப்பதையும் குறையாம இறக்கி விடறேன் பாரு."

"கோட்டூர் டீச்சரம்மா கால் உடைஞ்சது யாரு வண்டீலயாம்?" என்று அடுப்படியிலிருந்து குரல். என் வீட்டுக்காரி துளசிமணி.

அது இறங்கின பிறகு நடந்தது. அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் வாசனைக்குத் தடை. ஊதுபத்தி கூடாது, கருவாடு கூடாது, என் ஜவ்வாதுப் பவுடர் கூடவே கூடாது. முப்பது வருஷமாக ஜவ்வாது இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. இன்று பால் வாங்கப் போனபோது பால்காரர் செல்லமுத்து, "யாருங்க?" என்று கேட்டார். விஞ்ஞானத்துக்காக எவ்வளவோ பேர் எவ்வளவோ இழந்திருக்கிறார்கள்.

கரும்பு வெட்டிக்கொண்டே கோகிலாவிடம் பாடம் கேட்டேன். அவள் சொன்னதை விட நான் புரிந்துகொண்டது தெளிவாக இருப்பதால் அதையே எழுதுகிறேன்.

கூன்வண்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சொண்டு மூக்கே இல்லை. சொண்டின் இருபக்கமும் இரண்டு கொம்பு இருக்கிறது, அதுதான் மூக்கு. கொம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ரோமம். ரோமத்தில் துளை. காற்றில் வரும் வாசனைத் துணுக்கு அந்தத் துளை வழியாக உள்ளே நுழையும். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். வாசனைக்கு எண்ணெய்க் குணம், தண்ணீரில் ஒட்டாது. ஆகவே ஒரு புரதம் அதை ஏற்றிக்கொண்டுபோய் நரம்பின் வாசலில் இறக்கிவிடும்.

"ஷேர் ஆட்டோ" என்றேன்.

"அப்படியே வெச்சுக்குங்க மாமா."

வாசலில் ஏற்பி என்று இன்னொரு புரதம் நிற்கும். ஏற்பிகள் பல விதம், இந்த வாசனைக்கு இது, அந்த வாசனைக்கு அது. ஆனால் எந்த ஏற்பியும் தனியாக வேலை செய்யாது. பக்கத்திலேயே ஒரு துணைப் புரதம் நிற்க வேண்டும். ஏற்பி எதுவானாலும் துணை மட்டும் ஒன்றேதான். அது இல்லாவிட்டால் வாசனை வந்து இறங்கியும் நரம்புக்குச் சேதி போகாது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கண்ணு, டிரைவர் எத்தனை பேர் மாறினாலும் கண்டக்டர் விசில் குடுக்காம வண்டி நகராது. அந்தத் துணை வேற யாருமில்லை, கண்டக்டர்தான்."

கோகிலா நிமிர்ந்தாள். "மாமா, இதை நான் என்ற ஆராய்ச்சிப் புஸ்தகத்துல போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கொள்ளட்டும். அவள் ஊசியில் போட்டது என்ன என்றும் கேட்டேன். மரபணு என்பது மூலப் பத்திரம். செல் அதை வெளியே எடுக்காது, ஜெராக்ஸ் எடுத்துத்தான் புரதம் செய்யும். ஊசி மருந்து போய், கண்டக்டருடைய ஜெராக்ஸ் எது வந்தாலும் கிழித்துப் போடச் சொல்லும். மூன்று வாரத்தில் கொம்பில் கண்டக்டரே இருக்க மாட்டார். வண்டு வாசனை தெரியாமல் விழிக்கும். விழித்தால் கோகிலா சொல்வது சரி. ஜூலை ஒன்பதாம் தேதி கமிட்டி, அதில் தேறினால் பட்டம். இல்லையென்றால் அடுத்த வண்டுக் காலம் வரை ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தை என் அக்கா தரமாட்டாள். தை மாசம் கல்யாணம் என்று ஏற்கெனவே ஜாதகக் கட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 7, சனி

கோகிலாவின் பேராசிரியை ஜெயசீலி அம்மா வந்து பின்னறையைப் பார்வையிட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மா. பேச்சுவாக்கில், சேத்துமடை வளைவில் மூன்று யானை வழிமறித்து நின்றதையும், நான் இறங்கிப்போய் ஒரே விசிலில் அவற்றைக் காட்டுக்குள் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன்.

"மூணா?" என்றார்.

"போன தீவாளிக்கு ரெண்டா இருந்துதுங்க" என்றாள் துளசிமணி, காப்பி வைத்துக்கொண்டே.

இவளை விஞ்ஞானக் கூட்டங்களில் பேசவிடக் கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

டீக்கடைக் கூட்டாளி மயில்சாமியின் தென்னந்தோப்பில் வண்டு பிடிக்கும் வாளி கட்டியிருக்கிறோம். வாளிக்குள் அழுகின அன்னாசித் தோல், மூடியில் ஒரு குப்பி வாசனை. ஆண் வண்டு நல்ல மரத்தைக் கண்டால் உடம்பிலிருந்து விடுகிற வாசனையை அப்படியே செய்து அடைத்தது. அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். "சீட் இருக்கு, சீட் இருக்கு, வாங்க." ஆணும் பெண்ணுமாக வந்து விழுகின்றன. அடுத்த சோதனைக்கென்று முப்பத்தொன்றைப் பிடித்து, பின்கட்டில் மூடி போட்ட டின்னில் வைத்திருக்கிறேன். போதும் என்றாள் கோகிலா. பொட்டு அழிந்தால் திரும்ப வைக்க வெள்ளைப் பெயின்ட் பேனாவையும் என்னிடமே கொடுத்திருக்கிறாள். அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 9, திங்கள்

நான்காம் டப்பாக்காரன் வந்த நாளிலிருந்தே மந்தம். ஒரு பின்னங்கால் வேறு ஒடிந்திருந்தது. காலையில் பார்த்தபோது மல்லாந்து படுத்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தான். தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். பத்து மணிக்குமேல் எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது கரும்பைப் பிடித்துக்கொண்டு ஜோராக இருக்கிறான். ஒடிந்த காலும் முளைத்துவிட்டது. எல்லாம் கைராசி.

தாளில் எழுதியது: வெள்ளை 20, நீலம் 20, அனைவரும் நலம்.

டின்னில் முப்பது. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் சிறு பள்ளம் தோண்டினேன், செடிக்கு நல்லது.

ஜூன் 12, வியாழன்

செல்லமுத்து வண்டு பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இன்னார் இனியார் என்ற பேதம் கிடையாது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பதிமூன்றாம் டப்பாவைத் திறந்து காட்டினேன். கூன்வண்டு நன்றாகப் பறக்கும் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தது.

பதிமூன்று கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஆண் வண்டுக்குச் சொண்டின் மேல் மீசை மாதிரி ரோமம் உண்டு, பெண்ணுக்கு வழுவழு என்று கோகிலா சொல்லியிருக்கிறாள். போகும்போது மீசை இருந்தது. வெளியூர் போன இடத்தில் சவரம் செய்துகொண்டது போல.

வெள்ளை 20, நீலம் 20, அனைவரும் நலம். டின்னில் இருபத்தொன்பது.

ஜூன் 16, திங்கள்

பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கூன்வண்டின்மேல் என்ன ஆசை என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். டப்பாவைத் துடைக்க வாசலில் வைத்தது அரை நிமிஷம்.

பதினெட்டாம் நம்பர் நலம். கோழியும் நலம். டின்னில் இருபத்தெட்டு.

ஜூன் 19, வியாழன்

ஒன்பதாம் டப்பாவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது துளசிமணி வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்னுங்க பண்றீங்க?"

"பொட்டு அழிஞ்சு போச்சு."

"அந்தக் கையில இருக்கறது என்னுங்க?"

கையில் பழைய ஒன்பது இருந்தது. காலை நீட்டிக்கொண்டு.

"எத்தனை?"

"இதோட நாலு."

அவள் கரும்புக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் புள்ள செத்தா செத்துதுன்னு எழுதத்தானே சொல்லுச்சு. எழுதறதுக்கு என்ன வந்துது உங்களுக்கு?"

இவளுக்கு எப்படிப் புரியவைப்பது. ஸ்டாண்டிலிருந்து வண்டி புறப்படும்போது ஒரு சீட் காலியாக இருந்தால் எனக்கு விசில் கொடுக்க மனசு வராது. எட்டிப் பார்த்து, கூவி, ஓடிவருகிறவனைக் கைபிடித்துத் தூக்கி, எப்படியாவது நிரப்பிவிடுவேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நாற்பது டப்பாவில் ஒன்று காலியாகக் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதோடு, ஒன்றும் சாகாது என்று வாயால் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் ஒரே வண்டுதானே. நாப்பதுல நாலு, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன்.

"நாலுக்கும் ஊசி போட்டீங்களா?"

துளசிமணிக்கு விஞ்ஞானம் புரிவதில்லை.

தாளில்: வெள்ளை 20, நீலம் 20. டின் எண்ணவில்லை.

ஜூன் 23, திங்கள்

பெயின்ட் வாடை போய்விட்டதாம். வண்டுகளை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நாற்பதும் உயிரோடு இருப்பதைப் பார்த்து ஜெயசீலி அம்மாவே, "இப்படி ஒரு வளர்ப்பு நான் பார்த்ததில்லை ஐயா" என்றார். இந்த வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற கண்ணாடிக் குழாய். அடிப்பக்கம் வண்டை விடுவார்கள். ஒரு கிளையிலிருந்து வாளியில் வைத்த அதே வாசனை வரும், இன்னொரு கிளையிலிருந்து வெறும் காற்று. முதலில் நீலப் பொட்டுகள். இருபதில் பதினெட்டு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வாசனைப் பக்கம் விறுவிறு என்று நடந்தன. இரண்டு மட்டும் நகராமல் உட்கார்ந்துகொண்டன. சோம்பேறிகள், எந்தப் பஸ்ஸிலும் இரண்டு இருக்கும்.

பிறகு வெள்ளைப் பொட்டு. ஒன்றாம் நம்பர் பிரிவு வரை வந்து கொம்பை ஆட்டியது. நின்றது. திரும்பிவிட்டது. இரண்டு, அதே கதை. மூன்று, குழாயிலேயே உட்கார்ந்துவிட்டது. கோகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பொதுத்தேர்வு முடிவு பார்க்கிற சின்னப் பிள்ளை மாதிரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, கண்டக்டர் இல்லை பாருங்க. வண்டி நிக்குது பாருங்க."

நான்காம் நம்பர் நேராக நடந்து வாசனைப் பக்கம் போனது. நாற்பது வினாடி.

சட்டைக் கையை விட்டுவிட்டாள்.

அப்புறம் வரிசையாக நிற்பதும் திரும்புவதும்தான். ஒன்பதாம் நம்பரும் உட்கார்ந்துகொண்டது. அது ஏன் உட்கார்ந்தது என்று எனக்கே ஆச்சரியம். பதிமூன்று நேராகப் போனது. பதினெட்டு ஓடியே போனது.

மழை வருகிற மாதிரி இருந்தது. துணி காய்கிறது என்று சொல்லிவிட்டு நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெயசீலி அம்மா சொன்னாராம்: மூன்று வண்டு இவ்வளவு தெளிவாக வாசனை பிடிக்கிறது என்றால் ஒன்று ஊசி சரியாக இறங்கவில்லை, அல்லது கண்டக்டர் இல்லாமலும் வண்டி ஓட வேறு வழி இருக்கிறது. எதுவானாலும் கமிட்டியில் கேட்பார்கள், பதில் இல்லை. முதலிலிருந்து செய்துவிடு.

முதலிலிருந்து என்றால் அடுத்த வருஷம்.

கோகிலா சாப்பிடவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டே, "என்ற கைதானுங்க மாமா சரியில்லை. ஊசி போடறப்போ கை நடுங்குச்சு. நாலாவதுக்குக் காலை வேற ஒடிச்சுப்போட்டேன்" என்றாள்.

அக்கா போன் செய்தாள். எனக்கு ஒரு வேலை இருந்தது, எடுக்கவில்லை. துளசிமணி எடுத்தாள். கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்கறாங்க, எல்லாரும் நல்லா இருக்கறாங்க" என்றாள்.

இன்று வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ரப்பர் வாஷரைவிட நைலான் வாஷர் மேல். இதைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம்.

ஜூன் 25, புதன்

குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜூன் 26, வியாழன்

காலையில் கோகிலா தன் கையை நீட்டி வைத்துக்கொண்டு, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு துளி நடுக்கம் இல்லை. கல் மாதிரி இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

காலை எட்டு மணி பஸ்ஸில் நிலையத்துக்குப் போனேன். ஜவ்வாது போடவில்லை. ஜெயசீலி அம்மா அறையில் கோகிலாவும் இருந்தாள்.

"அம்மா, நாலு வண்டை மாத்தினது நானுங்க" என்றேன். முழுவதையும் சொன்னேன். ஓய்வு என்றும் காற்று வாங்கியது என்றும் சொல்லவில்லை. செத்தது, பறந்தது, கோழி தின்றது, செத்தது.

ஜெயசீலி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"ஐயா, மருமகள் மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் புரியுது. ஆனா வாசனைப் பக்கம் போனது எந்த நம்பர்னு ஊருக்கே தெரியும். இப்ப வந்து அதை நான்தான் மாத்தினேன்னு யாரும் சொல்லலாம். அன்னைக்கு மூணு யானையை விசிலடிச்சு விரட்டினதா சொன்னீங்க."

"அது ஒண்ணுதானுங்க. அதுவும் தானாத்தான் போச்சு. நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன்."

கோகிலா தலையைத் தூக்கினாள்.

"விசில்?" என்றார் அம்மா.

"வாயில இருந்துதுங்க. ஊதல."

டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கோகிலா புரட்டினாள். முளைத்த கால் வந்த இடத்தில் உதட்டைக் கடித்தாள். சவரம் செய்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நேத்து ராத்திரி உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாமே" என்றார். நியாயம்தான். என்னைத் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"செத்த வண்டு எங்கே?"

"கறிவேப்பிலைச் செடிக்கு அடியில புதைச்சேனுங்க. நேத்துத் தோண்டிப் பார்த்தேன். எறும்பு மோந்து பார்த்துத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"சரி ஐயா. அந்த மூணு வண்டும்..."

"மூணு இல்லீங்கம்மா. நாலு. ஒம்போதும்."

"ஒம்போது வாசனைப் பக்கம் போகலையே மாமா" என்றாள் கோகிலா, மெதுவாக.

"போகலை. ஏன் போகலைன்னு எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா மாத்துனேன். அது மயில்சாமி தோப்பு வண்டு."

ஜெயசீலி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பொய் சொல்றவர் மூணோட நிறுத்தியிருப்பார்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நாலு நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இருபது வெள்ளை வண்டின் கொம்பையும் அறுத்து, ஒவ்வொன்றிலும் கண்டக்டருடைய ஜெராக்ஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கருவியில் அளப்பார்களாம். ஊசி போட்ட வண்டாக இருந்தால் கிழிந்து போயிருக்கும். தோப்பு வண்டாக இருந்தால் முழுசாக இருக்கும். எந்தக் குப்பியில் எந்த வண்டின் கொம்பு என்று அளக்கிற பெண்ணுக்குத் தெரியாமல் அம்மாவே குறி போடுவார். கோகிலா அந்தப் பக்கமே வரக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோகிலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்பராம்பாளையம் தாண்டின பிறகு கேட்டாள். "மூணு நாளா என்ற கைதான் சரியில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேனுங்க மாமா. நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

கோகிலா என்னிடம் பேசுகிறாள். ஆனால் துளசிமணி வழியாக. "அத்தை, மாமாவைச் சாப்பிடச் சொல்லுங்க."

துளசிமணி சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜூலை 2, புதன்

டின்னில் இருந்த வண்டுகளை நிலையத்து ஆள் வந்து எடுத்துப் போனார். எண்ணிக் கொடுத்தேன். இருபத்தேழு. தாளில் இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது என்று எழுதக் கை ஒருமுறை ஆசைப்பட்டது. எழுதவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மதியம் இரண்டரை மணி. நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கோகிலாவின் போன் அடித்தது. ஜெயசீலி அம்மா. அவள் போனைச் சத்தமாக வைத்து மேஜைமேல் போட்டாள்.

"கோகிலா, இருபதுல பதினாறுல ஒண்ணுமே இல்லை. நாலுல முழுசா இருக்கு. குறியைப் பிரிச்சுப் பார்த்தேன்." தாள் சரசரக்கிற சத்தம். "நாலு. ஒம்போது. பதிமூணு. பதினெட்டு. உங்க மாமா கையெழுத்துப் போட்ட தாள் என் முன்னாலதான் இருக்கு."

துளசிமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஒம்போது நடக்காததுல அதிசயமில்லை. ஊசி போடாத நீலத்துலயே ரெண்டு நடக்கலை இல்லையா, அந்த மாதிரிதான். நாலு செத்ததுன்னு எழுது, மாத்தி வெச்ச நாலையும் கணக்குல சேர்க்காதே, நடந்ததை நடந்தபடி எழுது. மிச்சம் பதினாறும் வாசனை தெரியாம நின்னிருக்கு. அது போதும். ஐயா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேனுங்கம்மா."

"இனிமே என் வண்டு ஒண்ணுகூட உங்க வீட்டுக்கு வராது."

"சரிங்கம்மா."

"நன்றி" என்று வைத்துவிட்டார்.

கோகிலா நேராக என்னிடம் வந்தாள். அத்தையைப் பார்க்கவில்லை. "மாமா, முருங்கைக்காயை இவ்வளவு சின்னதாவா நறுக்குவாங்க?" என்றாள். அப்புறம் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என் கை முழுக்க முருங்கை வாடை. இன்று தடை இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். ஐம்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்னதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கேட்டு, சிரித்து, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல்முறையாக ஒரு கருவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலும் சரி.

ஜூலை 9, புதன்

கோகிலா கமிட்டியில் தேறிவிட்டாள். புத்தகம் கட்டப் போகிறாள். அக்கா போன் செய்தாள், நானே எடுத்தேன். ஜாதகக் கட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாளாம், பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

புத்தகத்தில் நானும் இருக்கிறேன். கோகிலா படித்துக் காட்டினாள்: "பராமரிப்பாளர் மாற்றி வைத்த நான்கு வண்டுகள் முடிவுகளிலிருந்து விலக்கப்பட்டன."

"பேர் போடலையா கண்ணு?"

"வேண்டாமுங்க மாமா."

"கண்டக்டர் உதாரணம்?"

"அது இருக்குதுங்க. முதல் அத்தியாயத்துலயே. அதுக்குக் கீழ உங்க பேரும் இருக்குது."

ஜூலை 10, வியாழன்

ஜவ்வாது போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஒரு மாதமாக எங்கே ஆளைக் காணோம் என்று சூழ்ந்துகொண்டார்கள். மயில்சாமி, செல்லமுத்து, உரக்கடை சோமசுந்தரம் எல்லோரும் இருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவரும் இருந்தார். செல்லமுத்து அவரிடம், "நம்ம கண்டக்டர் அஞ்சு யானையை விரட்டுனவருங்க, கேளுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

எல்லோரும் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். டீ வந்தது. வாயைத் திறந்தேன்.

"ஒரு யானைதானுங்க" என்றேன். "ரோட்டோரம் நின்னுது. நான் வண்டிக்குள்ள பயந்து உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவாப் போயிருச்சு."

மயில்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சோமசுந்தரம் என்னைப் பார்த்தார், வெளியூர்க்காரரைப் பார்த்தார்.

"பொய்" என்றார் செல்லமுத்து.

ஒருத்தர்கூட நம்பவில்லை. யானையின் கொம்பை அறுத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா என்ன. பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.